பொதுச் சுகாதார முதுகலை: சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் சுகாதார வேலையில் இருக்கும் தமிழர்கள் பல வகை. கிளினிக் தாதியர், மருத்துவ உதவி அதிகாரிகள், சுகாதாரப் பரிசோதகர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர்கள், ஒப்பந்த மருத்துவர்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுகலை படித்தால், போடும் காசுக்கும் காலத்துக்கும் ஈடாகுமா?

ஈடாகும். ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நோயை எண்ணவும், எண்ணியதை வைத்து வாதாடவும் இந்தப் படிப்பு நன்றாகவே கற்றுக் கொடுக்கிறது. பதவி உயர்வை அது கையில் தராது. மருத்துவரை நிபுணராக்காது. தோட்டத்தைப் பற்றித் தானாக எதையும் சொல்லித் தராது. அந்த அறிவை மாணவர்தான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அதுவே பெரிய பலம் என்பது என் கணிப்பு.

முதலில் படிப்பின் அளவு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. விரிவுரை, வீட்டு வேலை, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆக மொத்தம் 1,600 மணி நேரம். முழு நேரமாக ஓராண்டில் முடிப்பவர் வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் இதற்கே கொடுக்க வேண்டியிருக்கும். ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே ஓராண்டில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பகுதி நேரம் இருக்கும் இடத்தில் இரண்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதி நேரமே இல்லாத இடங்களும் உண்டு.

மருத்துவர்கள் குழம்பும் இடம் ஒன்று. இந்த ஓராண்டு முதுகலையை மட்டும் வைத்துப் பொதுச் சுகாதார மருத்துவ நிபுணர் ஆக முடியாது. இதன்மேல் மூன்றாண்டு பொதுச் சுகாதார முனைவர் பயிற்சியும் முடிக்க வேண்டும். நான்காண்டும் சேர்ந்ததுதான் நிபுணர் பாதை. அந்த எண்ணம் இருந்தால், முதுகலையில் சேரும் முன்பே அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பயிற்சி இருக்கிறதா, அதற்கு என்ன தேர்ச்சி கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேராக்கில் இருந்து போகிறவர்களுக்கு எந்த இடம் என்ற கேள்வி பெரும்பாலும் பயணத்தையும் வாடகையையும் பொறுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தால் வகுப்புகள் மருத்துவமனையை ஒட்டிய மருத்துவப் புலத்தில். யுகேஎம் எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் செராஸில், புத்ரா பல்கலைக்கழகம் செர்டாங்கில். ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போக இது தாங்கும். யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்றால் பலரும் பினாங்கு என்று நினைக்கிறார்கள். மருத்துவ வளாகம் இருப்பது கிளந்தான், குபாங் கிரியானில். கிரிக், ஜெலி வழியாகக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் போக வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வருவதே பெரிய பாடு. ஆனால் கிராமப்புறச் சமூக மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவருக்கு அந்தச் சூழல் தலைநகரைவிடப் பொருத்தம். சபாவிலும் சரவாக்கிலும் யுஎம்எஸ், யுனிமாஸ் இரண்டிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் நம் விண்ணப்பத்துக்கு இடமில்லை.

விண்ணப்பத்தில் தடங்கல் வருவது பெரும்பாலும் தகுதியால் அல்ல, காகிதத்தால். குறைந்தபட்சம் தொடர்புடைய துறையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். டிப்ளோமா மட்டும் வைத்திருக்கும் தாதியரும் மருத்துவ உதவி அதிகாரிகளும் முதலில் இளங்கலையை முடிக்க வேண்டும். அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏபெல் வழி ஒன்று இருக்கிறது என்றாலும் எல்லா இடங்களும் இந்தப் படிப்புக்கு அதை ஏற்பதில்லை. சி.ஜி.பி.ஏ. (மொத்தச் சராசரிப் புள்ளி) 3.00-க்கு மேல் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.-வின் பொது வரம்பு 2.50, அதற்குக் கீழே இருப்பவரிடம் துறைசார்ந்த வேலை அனுபவம் போன்ற கூடுதல் நிபந்தனை கேட்பார்கள். அந்த வரம்புக்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நிபந்தனையைத் தானே வைக்கிறது.

இந்தியாவிலோ இந்தோனேசியாவிலோ ரஷ்யாவிலோ மருத்துவம் படித்தவர்களுக்கு இரண்டு தனிச் சிக்கல். ஒன்று, மதிப்பெண் விழுக்காட்டில் இருக்கும், சி.ஜி.பி.ஏ. இருக்காது. படித்த கல்லூரியிடமிருந்து மதிப்பெண் முறை விளக்கக் கடிதம் வாங்க வேண்டும்; அது வர மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு, பெயர். மைகாட் அடையாள அட்டையில் "ஏ/எல்", "ஏ/பி" என்று அப்பா பெயரோடு இருக்கும். சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், அல்லது அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். இரண்டும் ஒருவரே என்று 1960-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி, பிரமாண ஆணையரிடம் கையெழுத்து வாங்கி, சான்றிதழோடு சேர்த்தே பதிவேற்றி விடுங்கள். பிறகு கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டால் விண்ணப்பம் 'முழுமையற்றது' என்று ஒதுங்கிவிடும்.

பண விஷயம். கட்டணம் தனியாரைவிடப் பொதுவாகக் குறைவு என்பதுதான் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் முதல் ஈர்ப்பு. சுகாதார அமைச்சின் நிரந்தர ஊழியராக இருந்தால் ஹடியா லத்திஹான் பெர்செகுதுவான் எனப்படும் கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகையை முதலில் பாருங்கள். முழுச் சம்பளப் படிப்பு விடுப்போடு வருகிறது, பின்னால் கட்டாயச் சேவை ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தத்தின் ஆண்டுக் கணக்கையும், படிப்பை நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்திடும் முன் வாசியுங்கள். சொந்தக் காசில் படிப்பவர்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைக் கல்விக்காக எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு இது செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. கட்டிய கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். முதுகலைக்கு எந்தத் துறை என்ற கட்டுப்பாடு இல்லை. படிப்பு இரண்டு வரி ஆண்டுகளில் விழுந்தால் இரண்டிலும் கேட்கலாம், அந்தந்த ஆண்டில் கட்டியதற்கு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. தரும் கடனும் ஒரு வழி. விண்ணப்பிக்கும்போது அது முதுகலைக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனிப் பாடங்கள். தொற்றுநோயியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் மற்றும் தொழில்சார் சுகாதாரம், சுகாதார மேலாண்மை, குடும்ப நலம், சுகாதார மேம்பாடு, அதன்மேல் ஓர் ஆய்வுத் திட்டம். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். மேலாண்மைப் பாடங்கள் பெரும்பாலும் அமைச்சின் அமைப்பு விளக்கப்படத்தைச் சுற்றியே ஓடும். பிகேடி-யில், அதாவது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், வேலை செய்தவருக்கு அதில் புதிது அதிகம் இல்லை. காசுக்குக் காசு கிடைப்பது முதல் இரண்டு பாடங்களில்.

அதிலும் முக்கியம், "எத்தனை பேரில்?" என்று கேட்கப் பழகுவது. ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிகள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் 300 பேர் என்றால் 20 விழுக்காடு. ஆனால் அந்த 60 பேரில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போனவர்கள், மருந்துக்கு மட்டும் பழைய டிரஸரிடம் வருகிறவர்கள். அந்த 300 பேரிலோ பெரும்பங்கு வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த இளம் தொழிலாளர்கள். மேலே இருப்பவர் ஒரு கூட்டம், கீழே இருப்பவர் வேறு கூட்டம். வகுத்து வரும் 20 எதையும் குறிக்காது. பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறி, லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) காலியாகி, குடும்பங்கள் ஊருக்குள் வந்த எல்லா வட்டாரத்திலும் இந்தக் கோளாறு இருக்கிறது. நல்ல விரிவுரையாளர் இதை முதல் மாதமே உரைக்க வைத்துவிடுவார்.

அதே பாடத்தில் வரும் இன்னொன்று, ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு. உடம்பு முடியாதவர் குலை வெட்டுக்குப் போக முடியாமல் வேலையை விடுகிறார். தோட்டத்தில் போய் எண்ணினால் மிஞ்சியிருக்கும் திடகாத்திரமானவர்களைத்தான் எண்ணுகிறோம். முதுகுவலி குறைவு, மூச்சுத்திணறல் குறைவு என்று அறிக்கை வரும். உண்மையான நோயாளி மூன்று கிலோமீட்டர் தள்ளித் தாமானில் உட்கார்ந்திருப்பார்.

தேசியச் சுகாதார, நோயுற்றநிலை ஆய்வை வாசிக்கப் பழகுவதும் இங்கேதான். 2019 ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, மொத்தப் பெரியவர்களில் 8.9 விழுக்காட்டினர் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். இந்தியர்களிடையேதான் மிக அதிகம். 2023 ஆய்வில் மொத்த அளவு 15.6. "குறைந்துவிட்டது" என்று உடனே எழுதுகிறவர் தேர்வில் மதிப்பெண் இழப்பார். மாதிரி எப்படி எடுத்தார்கள், நம்பக இடைவெளி (உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லை) எவ்வளவு அகலம், வயதுக் கலவை ஒத்திருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

டிங்கிக் கணக்கு சுகாதாரப் பரிசோதகர்களுக்குப் பழக்கமானது. ஆனால் ஏன் இரண்டு குறியீடு என்பதைப் பலர் இங்கே வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். 100 வீடு பார்த்து 6 வீட்டில் கொசுப்புழு, மொத்தம் 15 பாத்திரத்தில் என்றால் ஏடிஸ் குறியீடு 6 விழுக்காடு, பிரெட்டோ குறியீடு 15. முதலாவது எத்தனை வீட்டுக்குப் பரவியிருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். 6 வீட்டில் ஒன்றின் பின்புறம் பழைய டயர்கள் குவிந்து அதிலேயே பத்துப் பாத்திரம் அகப்பட்டிருந்தால், தெரு முழுக்கப் புகையடிப்பதைவிட அந்த ஒரு வீட்டுக்காரரிடம் பேசுவது பலன் தரும். நம் நாட்டில் முதலாவது 1-க்குக் கீழும் இரண்டாவது 5-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு.

மாதிரி அளவுக் கணக்கில் தடுமாறாத மாணவர் குறைவு. பாதிப்பு 50 விழுக்காடு, பிழை வரம்பு 5 விழுக்காடு, 95 விழுக்காடு நம்பகம் என்று எடுத்தால்: 1.96-இன் வர்க்கத்தை 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுக்க 384.16, அதாவது 385 பேர். தோட்டமும் அதை ஒட்டிய குடியிருப்பும் சேர்ந்து 1,200 பெரியவர்கள்தான் என்றால் சிறிய மக்கள்தொகைத் திருத்தம் போடலாம்: 385-ஐ 1.32-ஆல் (1 + 384/1,200) வகுக்க 292. ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தால் 292-ஐ 0.8-ஆல் வகுத்து 365 பேரை அணுக வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது: பலர் 20 விழுக்காட்டைக் கூட்டி 351 என்று எழுதுகிறார்கள். 351-இல் ஐந்தில் ஒருவர் போனால் மிஞ்சுவது 281, தேவை 292. முன்மொழிவு விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் இது ஒன்று.

ஆளாளாகத் தெரிவு செய்யாமல் லயம் லயமாகத் தெரிவு செய்தால் எண்ணிக்கை மறுபடி ஏறும். ஒரே லயத்தில் இருப்பவர்கள் ஒரே தண்ணீர், ஒரே கடை, ஒரே வேலை. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைப் பாதி கேட்ட மாதிரி. இதற்காக மாதிரியைப் பெருக்கும் மடங்கான வடிவமைப்பு விளைவை 2 என்று எடுத்தால் 385 என்பது 770 ஆகும். அத்தனை பேரை ஓர் ஆளாக ஒரு செமஸ்டரில் பார்க்க முடியாது. அப்போது கேள்வியைச் சுருக்க வேண்டும், மாதிரியை அல்ல.

மென்பொருளில் எஸ்.பி.எஸ்.எஸ். பரவலாக உண்டு, ஸ்டேட்டாவும் சில இடங்களில். 'ஆர்' இலவசம், படிப்பு முடிந்து வளாக உரிமம் போன பிறகும் கையில் இருப்பது அதுதான். சேரும் முன்பே ஓரளவு பழகிக்கொண்டால் இரண்டாம் செமஸ்டரில் மூச்சு விடலாம்.

பாடத்திட்டத்தின் பலவீனம் தொழில்சார் சுகாதாரத்தில் தெரிகிறது. தொழிற்சாலை இரைச்சல், அலுவலக நாற்காலி என்று எடுத்துக்காட்டுகள் வரும். செம்பனைத் தோட்டம் ஓரிரு ஸ்லைடில் கடந்துபோகும். ஆகவே தோட்டத்திலிருந்து வரும் மாணவர் சிலவற்றைத் தானே படித்துக்கொள்ள வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. இப்போது மருந்தடிப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கிளைஃபோசேட், குளுஃபோசினேட் ஆகிய களைக்கொல்லிகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூச்சிமருந்து ஆய்வு என்றாலே இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளக்கலாம் என்று முன்மொழிகிறார்கள். அந்தச் சோதனை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிக்கு. களைக்கொல்லி அடிப்பவர்களிடம் அதை அளந்தால் எல்லாம் இயல்பாகவே வரும், பாதிப்பே இல்லை என்ற பொய்யான முடிவோடு ஆய்வு முடியும். என்ன அடிக்கிறார்கள் என்பதை ஸ்டோரில் உள்ள டின்னின் லேபிளைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே சோதனையைத் தேர்ந்தெடுங்கள். 2000-ஆம் ஆண்டின் இரசாயன ஒழுங்குவிதிப்படி தோட்டம் ஓர் இரசாயன ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கினால் வேலை பாதி குறையும்.

இன்னொன்று, குழப்பும் காரணி. மருந்தடிப்பவர்களிடம் இரத்த அழுத்தம் அதிகம், குலை வெட்டுபவர்களிடம் குறைவு என்று தெரிந்தால் மருந்துதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். மருந்தடிப்பவர்கள் வயதான பெண்களாகவும் வெட்டுபவர்கள் இளைஞர்களாகவும் இருந்தால் அந்த வித்தியாசம் முழுக்க வயதால் வந்ததாக இருக்கலாம். வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்காத அட்டவணையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆய்வுத் திட்டம்தான் இந்தப் படிப்பின் உயிர். பெரும்பாலோர் சறுக்குவதும் அங்கேதான். காரணம் அறிவுக் குறைவல்ல, நாள்காட்டி. ஒரு செமஸ்டருக்கு 14 வார வகுப்பு. தலைப்பு, மேற்பார்வையாளர், முன்மொழிவு, நெறிமுறைக் குழு, களப்பணி, பகுப்பாய்வு, எழுத்து எல்லாம் இரண்டு செமஸ்டருக்குள் நுழைய வேண்டும். அனுமதிக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்காதவர் நீட்டிப்புக் கேட்டு இன்னொரு செமஸ்டர் கட்டணம் கட்டுகிறார்.

அனுமதிகள் அடுக்கடுக்காக வரும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு எல்லாருக்கும் பொது. சுகாதார அமைச்சின் கிளினிக், மருத்துவமனை, ஊழியர், பதிவேடு எதைத் தொட்டாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்க வேண்டும். அதில் தாமதம் பெரும்பாலும் ஆய்வாளர், துறைத் தலைவர், நிறுவனத் தலைவர் மூவரும் கையெழுத்திடும் படிவத்தில்தான். துறைத் தலைவர் விடுப்பில் இருந்தால் இரண்டு வாரம் போய்விடும். பலரிடம் நல்ல மருத்துவ நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழும் கேட்கிறார்கள்; அந்தப் பயிற்சிக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மாநிலச் சுகாதாரத் துறை, பிறகு கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஆராய்வதென்றால் கல்வி அமைச்சின் அனுமதி தனி. உள்ளே தெமியார் பூர்வகுடிக் கிராமங்களுக்குப் போவதென்றால் ஜக்கோவா எனப்படும் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையின் அனுமதி தனி.

தோட்டத்துக்குள் நுழைய மேனேஜர் சரி சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகளில் முடிவு தலைமை அலுவலகத்தில். கடிதம் மேலே போய் வர நாளாகும். அனுமதி கிடைத்த பிறகு வேறொரு நுட்பமான பிரச்சினை வரும்: முதலாளி அனுமதித்த ஆய்வில் தொழிலாளி "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறதா? மண்டோர் (மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும்போது நிரப்பிய படிவத்தில் கையெழுத்து இருக்கும், சம்மதம் இருக்காது. "முகமூடி கொடுக்கிறார்களா?" என்ற கேள்விக்கு எல்லாரும் "கொடுக்கிறார்கள்" என்பார்கள். நேர்காணலைக் கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ வேலை முடிந்த பிறகு வையுங்கள். மண்டோரும் கிராணியும் (எழுத்தரும்) அங்கே இருக்கக் கூடாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கலாம். நெறிமுறைக் குழுவும் அதை விரும்பும்.

சம்மதப் படிவம் தமிழில், மலாயில், வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், அதைப் பார்க்காமல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர்; இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முறை. ஏட்டுத் தமிழில் "நாட்பட்ட தொற்றா நோய்" என்று எழுதினால் லயத்துப் பாட்டி முகத்தைப் பார்ப்பார். "இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு மாதிரி ரொம்ப நாள் இருக்கிற நோய்" என்று எழுதுங்கள். பத்து இருபது பேரிடம் முன்சோதனை செய்த பிறகு அச்சிடுங்கள். மைகாட் எண்ணைத் தரவுத் தாளில் ஏற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு குறியீட்டு எண், பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டில்.

இரத்தச் சோதனை வைப்பவர்களுக்கு. வெறும் வயிற்றுக் குளுக்கோஸ் என்றால் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) வரும்போதே பிடிக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தேன் என்பார், சீனி போட்ட டீ. அந்த அளவு செல்லாது. சோதனை முடிந்ததும் ரொட்டியும் பானமும் கையில் கொடுக்காமல் யாரையும் வெட்டுக்கு அனுப்பக் கூடாது. சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எடுத்தால் பட்டினி தேவையில்லை. ஆனால் எல்லைக்கோடு எது என்று முதலிலேயே முடிவெடுங்கள்: மலேசிய வழிகாட்டி நோயறிய 6.3 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது, உலகச் சுகாதார நிறுவனம் 6.5-ஐ. ஒன்றில் எண்ணி இன்னொன்றோடு ஒப்பிட்டால் முடிவு கோணலாகும். இரத்தச்சோகையும் தலசீமியாவும் இந்த அளவை மாற்றிக் காட்டும் என்பதால், பெண் தொழிலாளர்களிடம் எடுக்கும்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அளவு மிக உயர்ந்து வருகிறவரை அன்றே எந்தக் கிளினிக்குக்கு, யார் அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாமல் ஆய்வு தொடங்குவது தவறு. நெறிமுறைக் குழு இதைக் கேட்கும், கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும்.

இத்தனை நெருக்கடி இருக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் பதிவேட்டை வைத்து ஆய்வு செய்வது தப்பித்தல் இல்லையா என்று சிலர் தயங்குகிறார்கள். இல்லவே இல்லை. காசநோய் சிகிச்சையை யார் நடுவில் விட்டார்கள், கென்சிங் திக்குஸ் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் அறிவிக்கப்பட எத்தனை நாள் தாமதம் என்பவை பதிவேட்டிலேயே பதில் இருக்கும் கேள்விகள். ஓராண்டுப் படிப்புக்கு அளவானவை. விடுபட்ட கட்டங்கள் நிறைய இருக்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் என்ற கட்டத்தில் "கெர்ஜா செண்டிரி" (சொந்தத் தொழில்) என்றோ வெறும் "தோட்டம்" என்றோ இருந்தால் வெட்டுக்காரரையும் மருந்தடிப்பவரையும் பிரிக்க முடியாது.

முடித்த பிறகு என்ன? அரசாங்க ஊழியருக்குப் பட்டம் வந்ததும் தரம் ஏறாது; சேவைத் திட்டத்தில் காலியிடமும் நிபந்தனையும் பொருந்த வேண்டும். கண்காணிப்புப் பிரிவு, ஆய்வுப் பிரிவு, பயிற்சிப் பிரிவு போன்ற இடங்களுக்கு மாற்றம் கேட்கும்போது பட்டம் பேசும். தனியார் பக்கம் தொழில்பாதுகாப்பு, மருத்துவ ஆய்வு நிறுவனம், காப்புறுதி, தொண்டு நிறுவனம் என்று கதவுகள் உண்டு. அங்கே பட்டத்தைவிட, தரவை நீங்களே கையாண்டு எழுதிய ஆய்வறிக்கையைத்தான் கேட்பார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வேலையில்தான் மனநிறைவு என்பவர் இந்தப் படிப்பில் சோர்ந்துபோவார். அவருக்குக் குடும்ப மருத்துவமோ சிறப்புத் தாதியப் பயிற்சியோ பொருத்தம். நோய்ப் பரவல் விசாரணைதான் ஆர்வம் என்ற அமைச்சு ஊழியர் அமைச்சின் தொற்றுநோய் நுண்ணறிவுப் பயிற்சித் திட்டத்தையும் பார்க்கலாம்.

சேருவது என்று முடிவெடுத்தவர் விண்ணப்பத்துக்கு முன்பே மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்கலாம். துறையின் பக்கத்தில் விரிவுரையாளர்களின் அண்மைய கட்டுரைகளைப் பார்த்து, தோட்டத் தொழிலாளர், நீரிழிவு, கொசுவழி நோய் என்று உங்கள் கேள்விக்கு அருகில் இருப்பவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: எங்கே வேலை செய்கிறீர்கள், எந்த மக்கள், ஏறக்குறைய எத்தனை பேர், எந்தப் பதிவேடு கைக்கு எட்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும். "பொதுச் சுகாதாரத்தில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் மடல்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன. "மூன்று தோட்டம், 1,200 பெரியவர்கள், டிரஸரின் பதிவேடு இருக்கிறது, ஓய்வு பெற்றவர்கள் எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதினால் பதில் வரும்.